மாஸ்டர், நுரை பொங்குது!

உள்ளே விட்டுவிட்டார்கள்!

எத்தனை வருஷம் அந்தத் திரைச்சீலையைத் தாண்டிப் போயிருப்பேன். திருப்பூர் வேலம்பாளையத்தில் சாயப் பொடியும் கேன் கேனாகக் கெமிக்கலும் விற்கிற கடை அது. முன்பக்கம் மேஜை, பில் புத்தகம், சாமி படம், ஊதுபத்தி. பின்பக்கம் ஒரு நீலத் திரை. அதற்குள்ளிருந்து அவ்வப்போது ஒருவர் கை முழுக்கக் கத்தரிப்பூ நிறத்தோடு வெளியே வருவார், டீ குடிப்பார், மறுபடி உள்ளே மறைந்துவிடுவார். தெருவில் ஓவர்லாக் மெஷின்கள் கடகடக்கும். மொபெட்டில் ஆளை விடப் பெரிய துணி ரோல் போகும். திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று மட்டும் தெரியாது. போன வாரம் துணிந்து கேட்டேவிட்டேன். “செருப்புப் போட்டுட்டு வராதீங்க தம்பி, ஷூ போட்டுட்டு வாங்க” என்றார் கத்தரிப்பூக் கைக்காரர். அவ்வளவுதான் அனுமதிச் சீட்டு.

அவரை எல்லோரும் மாஸ்டர் என்கிறார்கள். முப்பது வருஷம் சாயப்பட்டறைகளில் ஷேடு பிடித்தவர். கண்ணும் காலும் ஒத்துழைக்கவில்லை என்று இந்தப் பின்னறைக்கு வந்து சேர்ந்திருக்கிறார். கூட, கெமிஸ்ட்ரி முடித்த ஒரு பெண். மாஸ்டருக்கு அவர் ‘அம்மிணி’. பெயரைச் சொல்ல வேண்டாம் என்று இரண்டு பேருமே என்னிடம் கேட்டுக்கொண்டார்கள்.

அறை என்னவோ பத்துக்குப் பன்னிரண்டுதான். ஆனால் அடேயப்பா! எவர்சில்வர் குப்பிகள் ராட்டினம் போலச் சுற்றுகிற லேப் டிப் மெஷின். உள்ளங்கை அளவுத் துணித் துண்டுகள் நூற்றுக்கணக்கில் ஒட்டிய ஷேடு புத்தகங்கள். விளக்கை மாற்றி மாற்றிப் போட்டு நிறம் பார்க்கும் பெட்டி. மாஸ்டரின் சட்டைப் பையில், பேனா இருக்க வேண்டிய இடத்தில், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர். அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். ஸ்டெதஸ்கோப் இல்லாமல் டாக்டர் வெளியே வருவாரா?

நான் பார்க்க வந்தது இவற்றில் எதையும் இல்லை. அக்கா மகளுக்கு ஆறு மாதக் குழந்தை. அந்தக் குழந்தைக்கு வாங்கிய பேபி வாஷ் பாட்டிலின் பின்பக்கம், எறும்பு எழுத்தில், ‘சோடியம் கோகோயில் குளூட்டமேட்’ என்று ஒரு பெயர். மாஸ்டரிடம் போனில் படித்துக் காட்டினேன். “அட, அதுல நம்மகிட்டயே ஒரு சாம்பிள் கெடக்குதுங்க” என்றார். சாயக் கடையில் குழந்தை சோப்பா? பார்க்காமல் எப்படித் தூங்குவது!

இதோ அந்தப் புட்டி. அரை லிட்டர், வெளிர் மஞ்சள், கொஞ்சம் கலங்கிய இளநீர் மாதிரி. அம்மிணி மூடியைத் திறந்து நீட்டினார். வாசனை என்று பெரிதாக ஒன்றுமில்லை. தேங்காய் ஞாபகம் லேசாக.

“முதல்ல சப்பைத் தண்ணில போட்டுப் பார்க்கலாமுங்க.” இரண்டு பீக்கர். இரண்டிலும் போர் தண்ணி, நம் ஊர் போர் தண்ணி, அதாவது சுண்ணாம்பும் உப்பும் தாராளமாகக் கலந்தது. ஒன்றில் சாதாரணக் குளியல் சோப்பைச் சீவிக் கரைத்தார். நுரை வருவதற்கு முன்பே பால் திரிந்தது போல வெள்ளைத் துகள்கள் எழுந்து பீக்கர் சுவரில் அப்பிக்கொண்டன. உப்புத் தண்ணியில் தலைக்குக் குளித்த எல்லோருக்கும் தெரிந்த பிசுக்கு அது. இரண்டாவது பீக்கரில் நம்ம புட்டியிலிருந்து சில சொட்டு. கண்ணாடிக் கோலால் நாலு கலக்கு. வந்தது பாருங்கள் நுரை! பொடிப் பொடியாக, அடர்த்தியாக, டிகிரி காபியின் தலையில் நிற்பது போல. பிசுக்கு இல்லை. நான் கைதட்டியதற்கு அம்மிணி சிரித்தார். மாஸ்டர் சிரிக்கவில்லை, பெருமைப்பட்டார்.

இந்த மூலக்கூறுக்கு ஒரு வால், ஒரு தலை. வால் தேங்காய் எண்ணெயிலிருந்து வருகிறது. தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். நுரைக்கென்றே அளவெடுத்துத் தைத்த நீளம் அதற்கு. (காங்கேயத்தில் கொப்பரைக் களங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த வெள்ளைப் பரப்பைக் கடக்கும்போது இனி எனக்கு நுரைதான் ஞாபகம் வரும்.) எண்ணெய் அழுக்கைப் பிடித்துக்கொள்வது இந்த வால். தண்ணீரோடு ஒட்டிக்கொண்டு அழுக்கை இழுத்துப் போவது தலை. வழக்கமான ஷாம்பூவில் அந்தத் தலை சல்பேட். இங்கே அமினோ அமிலம், அதிலும் குளூட்டமிக் அமிலம்.

குளூட்டமிக் அமிலமா? ஃபிரைடு ரைஸ் வண்டிக்காரர் சிட்டிகை போடுவாரே, அதன் தாய்தான்! டோக்கியோவில் 1908-ல் கிகுனே இகேடா என்ற பேராசிரியர் கடற்பாசி ரசத்தின் ருசி எதிலிருந்து வருகிறது என்று தோண்டிப் பார்த்து, அது குளூட்டமேட்டிலிருந்து என்று கண்டுபிடித்தார். அதை விற்கப் பிறந்தது அஜினோமோட்டோ. அதே கம்பெனி 1972-ல் அதே அமிலத்தின் முதுகில் எண்ணெய் வாலை ஒட்டி ‘அமிசாஃப்ட்’ என்ற பெயரில் நுரைப்பொருளாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒரே அமிலம், ராத்திரி எட்டு மணிக்கு வாணலியில், காலை ஏழு மணிக்குக் குழந்தையின் தலையில். இதைச் சொன்னபோது அம்மிணி ஏற்கெனவே தெரிந்த முகத்தோடு தலையாட்டினார். மாஸ்டர்தான் “நெசமாவா?” என்று எழுந்து உட்கார்ந்தார். எனக்கு அன்றைய கூலி அதிலேயே கிடைத்துவிட்டது.

ஆனால் அடுத்த பந்தில் மாஸ்டர் என்னை அவுட்டாக்கினார். “இந்தக் குடும்பமே மொதல்ல குழந்தைக்குன்னு வந்ததில்லைங்க. துணிக்குன்னு வந்தது.”

உண்மைதான்! கடின நீரில் சோப்புத் திரிந்து துணியில் ஒட்டுவது அந்தக் காலத்து ஐரோப்பியப் பட்டறைகளுக்கும் தலைவலியாக இருந்தது. 1930-களில் ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பன் ‘இகெபான்’ என்ற வரிசையைக் கொண்டுவந்தது. அதில் இகெபான் ஏ-யின் இணைப்பு எஸ்டர் வகை, சூடான காரத்தில் உடைந்துபோகும். இகெபான் டி-யின் இணைப்பு அமைடு வகை, புரதங்களைக் கோத்து வைத்திருக்கும் அதே ரக முடிச்சு. கொதிக்கக் கொதிக்க நின்றது. அதன் தலை டாரினின் நெருங்கிய உறவு. டாரின் அமினோ அமிலக் குடும்பத்தின் ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். அதே கம்பெனியின் ‘மீடியலான்’ சார்கோசின் என்ற அமினோ அமிலத்தில் செய்தது. சார்கோசின் சோப்பு பிறகு 1950-களில் ‘கார்டால்’ என்று பெயர் மாறி அமெரிக்காவில் கோல்கேட் பற்பசைக்குள் புகுந்து விளம்பரப் புகழ் பெற்றது. பட்டறையில் பிறந்து, வாய்க்குள் போய், முகத்துக்கு ஏறி, கடைசியில் தொட்டிலுக்கு வந்திருக்கிறது இந்தக் குடும்பம். நானோ குளியலறையிலிருந்து ஒரு அதிசயத்தைக் கண்டுபிடித்துச் சாயக் கடைக்கு எடுத்து வந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போன கதை!

மென்மை என்பதை எப்படி அளப்பார்கள்? அதற்கும் ஒரு வேடிக்கையான சோதனை இருக்கிறது. மக்காச்சோளத்தில் ஸீன் என்றொரு புரதம். தண்ணீரில் தானாகக் கரையாது. சோப்புக் கரைசலில் அதைப் போட்டு எவ்வளவு கரைகிறது என்று பார்க்கிறார்கள். அதிகம் கரைத்தால் நம் தோலின் புரதத்தையும் அது சும்மா விடாது என்று அர்த்தம். லாரில் சல்பேட் ஏராளமாகக் கரைக்கும். குளூட்டமேட் கொஞ்சமாகக் கரைத்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். போதாததற்கு, நம் தோலின் லேசான அமிலத்தன்மையிலேயே அது வேலை செய்யும். சோப்புக்கோ நல்ல காரம் வேண்டும்.

சரி, இத்தனை சாதுவான பிள்ளையைப் பெற்ற வீடு எப்படி இருக்கும்? இங்கேதான் திரைக்குப் பின்னால் இன்னொரு திரை. அம்மிணி வெள்ளைப் பலகையில் வரைய ஆரம்பித்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

கொழுப்பு அமிலமும் அமினோ அமிலமும் சும்மா பக்கத்தில் வைத்தால் ஒட்டாது. அதனால் முதலில் கொழுப்பு அமிலத்துக்கு வெறியேற்றுகிறார்கள். அதன் நுனியில் குளோரினை மாட்டினால் அது கொழுப்பு அமில குளோரைடு. எதைக் கண்டாலும் பாயும். குளோரினை மாட்டிவிடுவது தயோனைல் குளோரைடு, இல்லையென்றால் பாஸ்பரஸ் ட்ரைகுளோரைடு, இல்லையென்றால் பாஸ்ஜீன். கடைசிப் பெயரைக் கேட்டதும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளுக்குள் விட்ட நச்சு வாயு அது. போபால் ஆலையில் மீத்தைல் ஐசோசயனேட் செய்யவும் அதுதான் பயன்பட்டது. நல்லவேளையாக இவற்றில் எதுவும் பேபி வாஷில் மிஞ்சுவதில்லை. எல்லாம் ஆலைக்குள்ளேயே வினைபுரிந்து தீர்ந்துவிடும்.

வெறியேறிய குளோரைடைச் சொட்டுச் சொட்டாக, குளிரவைத்த அமினோ அமிலக் கரைசலில் விடுகிறார்கள். கூடவே காஸ்டிக் சோடா. சூடு ஏறினாலோ காரம் தப்பினாலோ குளோரைடு தண்ணீரோடு சண்டை போட்டு வெறும் சோப்பாகிவிடும். சொட்டு விடுகிறவர் கண் இமைக்கக் கூடாது, அதிரசப் பாகு காய்ச்சுகிற மாதிரி. 1880-களில் ஷாட்டன், பௌமன் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் காட்டிக்கொடுத்த வழி. நூற்று நாற்பது வருஷம் ஆகிறது, ஆலைகளில் இன்னமும் அதுதான் ராஜபாட்டை.

அமினோ அமிலம் உள்ளே நுழைகிறது, குளோரின் வெளியே வருகிறது. வந்த குளோரின் எங்கே போகும்? காஸ்டிக் சோடாவின் சோடியத்தைக் கட்டிக்கொள்ளும்.

“உப்பு!” என்றார் மாஸ்டர். அந்த ஒற்றைச் சொல்லைத் திருப்பூர்க்காரர் சொல்கிற விதமே வேறு.

கணக்கைப் பலகையிலேயே போட்டுப் பார்த்தோம். லாரிக் வாலோடு 100 கிலோ குளூட்டமேட் செய்தால் சுமார் 16 கிலோ உப்பு. கிளைசின் தலை என்றால் மூலக்கூறு சின்னது, அதனால் உப்பு 21 கிலோ. தயோனைல் குளோரைடு வழியில் போனால், குளூட்டமேட்டுக்கு, அதற்கும் முன்பே 17 கிலோ கந்தக டை ஆக்சைடும் 10 கிலோ ஹைட்ரஜன் குளோரைடும் வாயுவாகக் கிளம்பியிருக்கும். நுரை என்னவோ மென்மைதான்!

உப்பு என்றதும் மாஸ்டர் ஏன் அப்படி நிமிர்ந்தார் என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். தண்ணீருக்குள் பருத்தியும் சாயமும் இரண்டுமே எதிர்மின் பிடித்து முறைத்துக்கொள்ளும். உப்பு நடுவில் புகுந்து சமாதானம் செய்யும். லிட்டருக்கு 40 கிராம், 80 கிராம் என்று கொட்ட வேண்டும். துணி அதில் ஒரு சிட்டிகையைக்கூட எடுத்துக்கொள்ளாது. அத்தனையும் கழிவு நீரில். நொய்யல் ஆற்றில் அது ஓடியது. பாசனத்துக்கென்று 1990-களின் தொடக்கத்தில் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவின் தொட்டியானது. கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகள் அத்தனையையும் மூடச் சொன்னது. “அன்னைக்கு மெஷின்ல இருந்த லாட்டு அப்படியே நின்னுபோச்சுங்க” என்றார் மாஸ்டர். மேலே பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

அதன் பிறகுதான் ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு. எதிர் சவ்வூடு வடிகட்டி, ஆவியாக்கி, உப்பைப் படிகமாக்கி, மறுபடி சாயத் தொட்டிக்கே கொண்டுவருகிறார்கள். அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உப்புக் கரைசலையே திரும்பப் பயன்படுத்திக் காட்டினார்கள். சாதா உப்பை விட்டு கிளாபர் உப்புக்கு, அதாவது சோடியம் சல்பேட்டுக்கு, ஊர் மாறியதும் இதனால்தான். குளிரவைத்தால் சமத்தாகப் படிகமாகும். குளோரைடு அடங்காது, எவர்சில்வர் ஆவியாக்கிகளையும் அரிக்கும். ஆகவே இந்த ஊரில் ஒரு பொருளைப் பச்சை என்று யாராவது சொன்னால் இலை படம் போட்ட லேபிளை எவரும் பார்ப்பதில்லை. உப்பு எங்கே என்றுதான் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்து இதைவிடக் கறாரான கேள்வி எந்தக் கருத்தரங்கிலும் கிடையாது.

“கேட்டே பார்த்துருவோமுங்க” என்று மாஸ்டர் கையைத் தேய்த்துக்கொண்டார். அம்மிணி ஒரு பழுப்புப் புட்டியை எடுத்தார். சில்வர் நைட்ரேட்! ஓட்டுப் போட்டதும் விரலில் வைக்கும் மையில் இருக்கும் அதே சரக்கு. பட்டால் கறுப்பாகி நாள் கணக்கில் போகாது. அதனால் கையுறை. முதலில் நம் மஞ்சள் சாம்பிளில் நைட்ரிக் அமிலம் விட்டார். குளூட்டமேட் கரையும் தன்மையை இழந்து கலங்கிப் பிரிந்தது. அதை ஃபில்டர் பேப்பரில் வடிகட்டினார். கீழே இறங்கியது தெளிந்த நீர், நுரைக்காரன் போய்விட்ட வெறும் நீர். அதில் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு.

வந்துவிட்டது! சோதனைக் குழாயில் வெள்ளை வெள்ளையாக, உறையாத தயிரைக் கலக்கிவிட்டது போல, சில்வர் குளோரைடு. மூன்று பேரும் ஒரே குழாய்க்குத் தலையை முட்டிக்கொண்டோம். பேபி வாஷுக்குப் பின்னால் ஒளிந்திருந்த உப்பு, வேலம்பாளையத்தில் பிடிபட்டது!

உப்பில்லாமல் செய்ய முடியாதா? முடியும், முடிகிறது, முடியப் போகிறது என்று மூன்று காலத்திலும் பதில் இருக்கிறது.

முதலில் நம் நாட்டுக் கதை. மும்பையின் கேலக்ஸி சர்ஃபாக்டன்ட்ஸ், 1980-ல் தொடங்கியது, அந்தப் பழைய ராஜபாட்டையையே சுத்தம் செய்யப் பார்த்திருக்கிறது. குளோரின் மாட்டுகிற படியில் வழக்கமாக டைமெத்தில் ஃபார்மமைடு என்ற வினையூக்கியைச் சேர்ப்பார்கள். அதன் பக்கவிளைவாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய ஒரு பொருள் உருவாகும் என்ற பயம் உண்டு. கேலக்ஸியின் காப்புரிமையில் அதற்குப் பதில் என்ன தெரியுமா? கடைசியில் கிடைக்கப்போகும் அமினோ அமில நுரைப்பொருளிலேயே துளி எடுத்து வினையூக்கியாகப் போடுவது! தயிர் தோய்க்க உறை மோர் விடுகிறோமே, அதேதான். வெளியாள் யாரும் உள்ளே வருவதில்லை, பிறகு வெளியேற்ற வேண்டிய வேலையும் இல்லை. எனக்கு அன்று முழுக்கப் பிடித்தது இந்த ஒன்றுதான். வீட்டில் சொன்னபோது அம்மா, “இதுக்கா காப்புரிமை?” என்றார். ஆனாலும் ராஜபாட்டையில் கடைசிப் படியின் உப்பு அப்படியே இருக்கும். மாஸ்டர் அதைச் சுட்டிக்காட்டாமல் விடவில்லை.

இரண்டாவது வழியில் குளோரினே கிடையாது. தேங்காய் எண்ணெயையோ அதன் கொழுப்பு அமிலத்தையோ மீத்தைல் எஸ்டரையோ அமினோ அமில உப்போடு நேரடியாகச் சூடாக்குவது. எண்ணெயில் தொடங்கினால் உபரியாக வருவது கிளிசரின், அதைப் பிரிக்காமல் விட்டாலும் தோலுக்கு நல்லதுதான். டாரின் வகைகளை 200 டிகிரிக்கு மேல் காய்ச்சி இப்படிச் செய்கிறார்கள். சங்கடம், நிறமும் வாசமும். சூடு கூடினால் பாகு முறுகுகிற மாதிரி மஞ்சளேறும். வெள்ளை கேட்கும் அழகுச் சந்தைக்கு அது ஆகாது. “சாயப்பட்டறைக்கு மஞ்சளா இருந்தா என்னங்க, வெளுக்கவா போறோம்?” என்கிறார் மாஸ்டர். பிறகு, தானே யோசித்து, “வெள்ளை பனியன்ல ஒட்டுனா வம்பு” என்று திருத்திக்கொண்டார்.

மூன்றாவது, என்சைம். இந்தச் சொல் திருப்பூருக்குப் புதிதல்ல. பனியன் துணியின் பிசிறைச் செல்லுலேஸ் தின்கிறது, வெளுத்த பிறகு மிஞ்சும் பெராக்சைடைக் கேட்டலேஸ் தீர்க்கிறது. அமினோ அசைலேஸ் என்று ஒன்று அமைடு முடிச்சை அவிழ்ப்பதில் கெட்டிக்காரன். அதைப் பரப்பில் ஒட்டி நிறுத்தி, ஜப்பானின் தனாபே செய்யாகு கம்பெனி 1969-லேயே அமினோ அமிலங்கள் தயாரித்தது. அவிழ்க்கத் தெரிந்தவனுக்கு முடிச்சுப் போடவும் தெரியும், எதிர்த்திசையில் ஓட்டினால் போதும். ஆனால் தண்ணீர் இருக்கும்வரை அவன் அவிழ்ப்பதிலேயே குறியாக இருப்பான். தண்ணீரைக் குறைத்தால் அமினோ அமிலம் கரையாது. இந்த இழுபறியில்தான் ஆய்வகங்கள் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

நான்காவது, நேரே நுண்ணுயிரிடமே வேலையை ஒப்படைப்பது. வைக்கோலில் சாதாரணமாக வாழும் பாசில்லஸ் சப்டிலிஸ் தன் பாட்டுக்குச் சர்ஃபாக்டின் என்ற நுரைப்பொருளைச் செய்யும். கொழுப்பு வாலில் ஏழு அமினோ அமிலங்கள் கோத்த மாலை அது. அமெரிக்காவில் மாடுலர் ஜெனெடிக்ஸ் என்ற நிறுவனத்தார், அந்த மாலை கட்டும் இயந்திரத்தை மரபணுவில் வெட்டிச் சுருக்கி, முதல் பூவோடு நிற்கும்படி செய்தார்கள். அந்த முதல் பூ எது? குளூட்டமிக் அமிலம்! 2010-ல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. குளோரின் இல்லை, கொதிப்பு இல்லை, சர்க்கரையைத் தின்று பேபி வாஷ் துப்புகிறது பாக்டீரியா.

விலையைக் கேட்டேன். மாஸ்டர் சிரித்தார். துணி கிலோவுக்குப் பைசாக் கணக்குப் பார்க்கிற தொழில், அமினோ அமிலச் சரக்கு சாதா சோப்பாயிலைவிடப் பல மடங்கு. எல்லா லாட்டுக்கும் போட்டால் முதலாளி ஓட்டாண்டி. ஆனால் குழந்தை உடுப்பு ஆர்டர்களில் பேச்சே வேறு. நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட் என்ற பழைய வெட்டிங் ஏஜென்ட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2021 பிப்ரவரி 3 முதல் கிடுக்கிப்பிடி போட்டுவிட்டது. துவைக்கக்கூடிய துணியில் எடையில் 0.01 சதவீதம் இருந்தாலே சந்தைக்குள் விடாது. அன்றிலிருந்து பையர் அனுப்பும் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. இந்த மாதிரிப் புட்டிகள் சாயக் கடைப் பின்னறைக்கு வந்து கிடப்பதற்குக் காரணமே அந்தப் பட்டியல்தான்.

கிளம்பும்போது, ஏதாவது வேலை கொடுங்களேன் என்று கெஞ்சியதற்கு, பீக்கர் கழுவக் கொடுத்தார்கள். சில்வர் கலந்தவற்றை அம்மிணி முன்பே தனி ஜாடியில் ஊற்றி மூடிவிட்டார். மிச்ச குளூட்டமேட் பீக்கரைச் சிங்க்கில் வைத்துக் குழாயை முழுசாகத் திறந்தேன். அது தப்பு. நுரை எழுந்தது, விளிம்பைத் தாண்டியது, என் முழங்கை வரை ஏறியது. தண்ணீர் விட விட வளர்ந்தது.

“மாஸ்டர், நுரை பொங்குது!” என்று அம்மிணி கத்தினார்.

மாஸ்டர் சாவகாசமாக வந்து குழாயை மூடினார். சட்டைப் பையிலிருந்து டிடிஎஸ் மீட்டரை எடுத்து, நுரையை விரலால் விலக்கி, அடியில் தேங்கிய தண்ணீரில் முக்கினார். எண்ணைப் பார்த்தார். எங்களிடம் சொல்லவில்லை. சட்டை நுனியில் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, “வாங்க, டீ குடிக்கலாமுங்க” என்று நீலத் திரையை விலக்கினார்.